கோலாலம்பூரில் கழற்றிய ஷூ

உச்சிப்புளிச் சுற்றுவட்டாரத்திலிருந்து கோலாலம்பூர் போய் வீடியோ கேம் ஆடிவிட்டு வந்த ஒரே ஆள் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது.

உச்சிப்புளியில் சித்தப்பா கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் கிடப்பேன். இரண்டு பேர் மோதிக்கொள்ளும் சண்டை கேம். கடற்படைக் குடியிருப்பிலிருந்து இந்தி பேசிக்கொண்டு வரும் பிள்ளைகளை ஒருவர் விடாமல் மண்ணைக் கவ்வ வைத்தேன். சித்தப்பா ஆன்லைன் போட்டிக்குப் பெயர் கொடுத்தார். அதிலும் ஜெயித்தேன். மலேசியாவுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. கூடவே பெற்றோரில் ஒருவர் வர வேண்டுமாம்.

அம்மாவுக்குப் பாஸ்போர்ட் இல்லை. முன்பு துபாயில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்ட அய்யாவிடம் இருந்தது. ஆனால் போட்டி நடக்கும் வாரம்தான் எங்கள் ஊர் மாரியம்மன் பொங்கல். காப்புக் கட்டியவர் ஊர் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. அய்யாவோ எனக்கு நினைவு தெரிந்த நாளாகக் காப்புக் கட்டித் தீச்சட்டி எடுப்பவர். அந்த நாளில் சட்டியை இறக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது, காலில் செருப்பும் ஏறாது.

இரண்டு நாள் சோறு தின்னாமல் அழிச்சாட்டியம் பண்ணினேன். மூன்றாம் நாள் அய்யா, "விடு தாயி, இந்த வருசம் காப்பு வேணாம். நான் வாரேன்" என்றார். வீடே இடிந்து விழக் குதித்தேன். அவர் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

போட்டி நாளன்று காலை, ஹால் வாசலிலேயே அய்யா நின்றுவிட்டார். சித்தப்பா வாங்கிக் கொடுத்த புது ஷூவைக் கழற்றி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டார். ஐயோ, எனக்கு மானமே போனது.

"அய்யா, ஷூவப் போடுங்க. எல்லாரும் பாக்குறாக."

"பாத்தாப் பாக்கட்டும். நீ போயி ஆடு."

மத்தியானம் கொடுத்த கோழிச்சோற்றையும், வயிறு சரியில்லை என்று என் பக்கம் தள்ளினார். இரண்டு பொட்டலத்தையும் நானே காலி செய்தேன்.

திரையில் நீலச் சட்டைதான் நான் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அடுத்த ஆட்டத்தில் சிவப்புக்கு மாறியதைச் சொல்ல மறந்துவிட்டேன். "அப்படிப் போடு தாயி! விடாத!" என்று, என்னைப் புரட்டி எடுத்துக்கொண்டிருந்த கொரியப் பையனின் நீலச் சட்டைக்கு ஹால் அதிரக் குரல் கொடுத்தார். அவன் மிரண்டு திரும்பிப் பார்த்தான். எனக்கு அது போதாதா!

கடைசியில் மூன்றாம் இடம். என் கழுத்தில் மெடல் விழுந்தபோது அய்யா அழுதேவிட்டார். பிறகு ஷூவை மாட்டிக்கொண்டு, இரண்டு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

நாங்கள் ஊர் திரும்பும்போது கோயில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பங்காளி ஒருவர், "என்னப்பா, இந்த வருசம் சட்டி எடுக்காம விட்டுட்டியே?" என்றார்.

"யாரு சொன்னா? அங்கன எடுத்தேன்ல!" அய்யா என் மெடலை வாங்கித் தூக்கிக் காட்டினார்.

"அய்யா புளுகுறாரு. அங்கன கோயிலுக்கே போகல நாங்க" என்று அம்மாவின் காதைக் கடித்தேன். அம்மா சிரிக்கவில்லை. போட்டி நடந்த அதே நாளில்தான் ஊரில் தீச்சட்டி எடுத்தார்கள் என்பதோ, அய்யா எதற்காக ஷூவைக் கழற்றினார் என்பதோ எனக்கு உறைக்கவே இல்லை. மெடலை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, சித்தப்பாவிடம் காட்ட ஓடிவிட்டேன்.