மோட்சக் கூத்தில் நான் எடுத்த ஒப்பாரி

எனக்கு எண்பத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஆறும் என் வீட்டுக்காரருக்குப் பிறந்தவைதான். அந்தக் காலத்தில் வாய் கூசாமல் கேட்டவர்களுக்கும் இதையேதான் சொன்னேன். அவர் நின்றால் என் இடுப்பளவு வருவார். இண்டூர்ப் பக்கத்துக் கூத்துகளில் கோமாளி வேஷம் அவருடையது. முன்வரிசையில் மணியக்காரர் உட்கார்ந்திருந்தால் விடமாட்டார்.

“குனியாதீங்க மணியக்காரரே. எனக்குக் கும்புடு போடறீங்கன்னு சனம் நெனச்சுக்கும்.”

மணியக்காரரும் சிரித்தாக வேண்டும். அரிதாரம் பூசியவன் மேல் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, அது முறை.

வெள்ளைக்காரன் சண்டைக்கு ஆள் எடுத்த காலம். மழை இல்லாத வருடம். என் மாமியார் செத்தார். என் வீட்டுக்காரர் பிறந்தபோது, இது எதுக்கு விட்டுடு என்றவர்களைத் திட்டி விரட்டிவிட்டுப் பால் கொடுத்தவர் அவர்.

பதினாறாம் நாள் இழவு வீட்டு வாசலில் மோட்சக் கூத்து வைப்பது எங்கள் வழக்கம். அந்தக் கூத்தின் கடைசியில் அம்பு பட்ட ராசா பெற்றவள் மடியில் கிடந்து உயிர் விடுவான். அப்போது சனம் அழ வேண்டும். யாராவது சிரித்தால் செத்தவர் உயிர் கரையேறாது என்று நம்பினோம்.

கூத்து வாத்தியார்தான் தாய் வேஷம் கட்டுவார். இவர் போய் அவர் காலைப் பிடித்தார்.

“எங்காத்தாளுக்கு நாந்தான் ராசா வேஷம் கட்டணும்.”

“உன்னப் பாத்தாவே சிரிப்பாங்கடா. அவளுக்கு மோட்சம் வேணுமா, உனக்குக் கிரீடம் வேணுமா?”

“பாட்டு பூரா தெரியுமுங்க. ஒருத்தர் சிரிச்சாலும் அப்பறம் நான் வேஷமே கட்டலீங்க.”

ராத்திரி முழுக்கப் பாடினார். கிரீடம் கண்ணை மறைக்க, ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே பாடினார். யாரும் சிரிக்கவில்லை. கிழக்கு வெளுக்கும்போது அம்பு பட்டு விழுந்தார். வாத்தியார் மடியில் எடுத்துப் போட்டார். கால் தரைக்கு எட்டவில்லை. பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

“புள்ளைக்குப் பால் குடு ஆத்தா!”

வாசலே சிரித்தது. செத்த ராசா அசையக் கூடாது. அவர் அசையவில்லை. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து அரிதாரம் கரைந்தது.

ஒருத்தி ஒப்பாரி எடுத்தால் உறவுப் பெண்கள் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. கட்டிக்கொண்டு கூட அழ வேண்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை. கூத்துக்குள் ஓடி, மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்தேன். பெண்கள் ஓடி வந்தார்கள். சிரிப்பு நின்றது. ஆனால் மாமியாருக்கான சொல் ஒன்றுகூட என் வாயில் வரவில்லை. “என்ன உட்டுட்டுப் போனியே, என் ராசா” என்றுதான் வந்தது.

சின்ன மாமியார் என் வாயைப் பொத்தினார்.

“அடிப்பாவி, கழுத்துல தாலிய வெச்சுக்கிட்டு, உசுரோட இருக்கறவனுக்கா அழுவற?”

விடிந்ததும் கிணற்றடியில் அவர் முகம் கழுவ, நான் தண்ணீர் ஊற்றினேன்.

“யாருக்கு அழுத?”

“அத்தைக்குத்தாங்க.”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வேஷம் கட்டவே இல்லை. கோமாளிக்கு ஆள் வந்து கூப்பிட்டார்கள், கதவைத் திறக்கவில்லை. நான் கல் உடைத்தேன், களை வெட்டினேன்.

மாமியார் கரையேறினாரா, தெரியாது. கிணற்றடியில் என் வீட்டுக்காரரிடம் நான் சொன்னது பொய், அது தெரியும். அவர் உயிரோடு இருந்தவரை அதை அவரிடம் சொல்லவில்லை. எழுத்துக் கூட்டி இப்போதுதான் எழுதுகிறேன்.

கண்ணு, இங்க வா. இத மொதல்ல இருந்து உங்க தாத்தனுக்குக் கேக்கற மாதிரி சத்தமாப் படி. அவங்க சிரிச்ச எடத்துல நிறுத்தாம படிச்சுடு.