ஃபாக் லைட்டுக்கு ஒரு சட்டை

காலை ஐந்து நாற்பத்தேழுக்கு என் மகள் ஃபாக் லைட் சுவிட்சைத் தட்டினாள். நேரம் துல்லியமாக நினைவிருக்கிறது, ஏனென்றால் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மணிக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு இன்டர்வியூ. படிப்பு முடித்து ஒன்றரை வருடத்தில் அவளை நேரில் வரச் சொன்ன ஒரே இடம் அதுதான். "லேட்டா போனா கேட்லயே திருப்பி அனுப்பிடுவாங்களாம் மம்மி" என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சுவிட்சில் சிவப்புப் பொட்டு எரிந்தது. வெளியே ஒன்றும் மாறவில்லை. எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டியதும் இறங்கிய ஜனவரிப் பனி, கொடியில் காயப்போட்ட போர்வைபோல முன்னால் அப்படியே தொங்கியது.

"என்ன மம்மி இது? ஆன்லதான் இருக்கு. ரோட்ல வெளிச்சமே விழல."

"பனி ஜாஸ்தி. நீ மெதுவா ஓட்டு."

காரணம் எனக்குத் தெரியும். விவேக் நகரில் வீட்டு வாசலில் வண்டி கிளம்பும்போதே தெரியும். இரண்டு விளக்குகளும் நான் தைத்த கவருக்குள் இருந்தன.

எங்களுடையது இரண்டு கை மாறி வந்த சின்னக் கார். எனக்கு ஓட்டத் தெரியாது, பயப்படத் தெரியும். என் கணவர் ஆசையாக மாட்டிய முதல் ஜோடி ஃபாக் லைட்டில் ஒன்று பதினோராம் நாளே போய்விட்டது. ஜல்லி லாரி ஒன்றின் பின்னால் போனபோது ஒரு கல் தெறித்து வந்து கண்ணாடியில் சிலந்தி வலை போட்டுவிட்டது. வீட்டில் எல்லோரும் விளக்கைப் பார்த்து வருத்தப்பட்டார்கள். நான் மட்டும் அந்தக் கல் இரண்டடி மேலே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு வாரம் தூங்கவில்லை.

புது ஜோடி வாங்க, வண்டிச் சாமான் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டுக்குப் போனோம். கடைக்காரர் ஒரு கம்பி வலையை எடுத்துக் காட்டினார். "பம்பருக்குக் கீழ இருக்குற கண்ணாடிம்மா, கல்லு வரத்தான் செய்யும். இந்த ஜாலி போட்டுக்கோங்க. லாரிக்கு ரொம்ப ஒட்டிப் போகாதீங்க. அவ்வளவுதான்."

நான் வலைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். "விரல் போகுதே."

"விரல் போகும்மா. விரல் சைஸ் கல்லும் போகும். எல்லாக் கல்லுக்கும் பயந்தா வண்டிய ஹால்லதான் நிறுத்தணும்."

அது அவ்வளவு மோசமான யோசனையாக எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் கவர் இல்லாத பொருள் குறைவு. டிவிக்கு உண்டு, மிக்ஸிக்கு உண்டு, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்குக்கூடப் பூப்போட்ட துணியில் உண்டு. ஸ்கூட்டர் சீட்டுக்கு வாங்கி மிஞ்சிய கறுப்பு ரெக்ஸின் இருந்தது. உள்ளே ஸ்பாஞ்ச் வைத்து, ஓரத்தில் எலாஸ்டிக் கொடுத்து, அதுவும் போதாதென்று நாடாவும் வைத்து இரண்டு கவர் தைத்தேன். கணவர் சுற்றிவந்து பார்த்தார். "ஸ்வெட்டர் ஆச்சு. குல்லா எப்போ?" என்றார்.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. "லைட் போடறப்ப கண்டிப்பா கழட்டணும் மம்மி. உள்ள சூடாகும்."

"எனக்கே சொல்றியா? பிசிக்ஸ் டீச்சர்டி நான்."

அன்று காலை கிளம்பும்போதும் கேட்டாள். "கவர் கழட்டியாச்சா?" நான் "ம்" என்றேன். அதைப் பொய் என்று முழுதாகச் சொல்ல முடியாது. ஓசூர் ரோட்டில் அப்போது அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது, வழியெல்லாம் ஜல்லி. அந்த இடம் தாண்டியதும் ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொல்லி, நானே இறங்கிக் கழற்றிவிடுவதாகத் திட்டம். பனி என் திட்டத்துக்கு முன்னால் வந்துவிட்டது.

"ஏதோ கருகற வாசனை வருது" என்றாள்.

"இந்தப் பக்கமெல்லாம் ஃபேக்டரிதானே."

"ரப்பர் ஃபேக்டரியா?"

"இருக்கும்."

இன்னும் ஒரு கிலோமீட்டர் போனதும் சொன்னாள். "இந்த ஃபேக்டரி நம்ம கூடவே வருது மம்மி."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறப்பதற்குள் இடது பக்கம் பம்பரிலிருந்து புகை எழுந்தது. வயர் உருகி ஃபியூஸ் போய், கூடவே ஹெட்லைட்டும் அணைந்தது. இரண்டையும் ஒரே ஃபியூஸில் கோத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. மகள் ஓரம் கட்டி இண்டிகேட்டரைப் போடுவதற்குள் நான் தண்ணீர் பாட்டிலோடு இறங்கி ஓடினேன். இரவெல்லாம் ஃபிரிட்ஜில் இருந்த தண்ணீர். கவரைப் பிய்த்து எறிந்து, புகைகிற விளக்கின் மேல் முழு பாட்டிலையும் கவிழ்த்தேன்.

டிக் என்று ஒரு சத்தம். மிகச் சின்னச் சத்தம். கண்ணாடி குறுக்கே விரிந்தது.

சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விடுவது ஏன்? பத்தொன்பது வருடம் ஒன்பதாம் வகுப்பில் நான் நடத்திய பாடம். மகளும் அந்த வகுப்பில் உட்கார்ந்தவள்தான். பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"டூ மார்க் கொஸ்டின் மம்மி" என்றாள்.

வலது விளக்கில் உருகி ஒட்டியிருந்த கவரை ஸ்டீல் ஸ்கேலால் அவளே சுரண்டி எடுத்தாள். அது பிழைத்திருந்தது. இரண்டு கவரின் மிச்சம் மீதியையும் வெட்கத்தோடு என் கைப்பைக்குள் திணித்தேன். பிறகு அவள் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு காருக்குள் போய் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"கல்லு படக்கூடாதுன்னுதான்..." என்று ஆரம்பித்தேன்.

"கல்லு எங்க மம்மி?"

ஆறரை ஆயிற்று. வெளிச்சம் வந்தும் வழி தெரியவில்லை. சாலை ஓரத்தில் நின்று கையாட்டினேன். பனிக்குள்ளிருந்து வந்த வண்டிகள் எல்லாம் ஹார்ன் அடித்துவிட்டு மறுபடி பனிக்குள் போயின. இன்றைக்கும் எங்காவது ரப்பர் கருகினால் அந்த ஹார்ன் காதில் கேட்கும்.

"ஏதாவது பஸ் நின்னா நீ ஏறிப் போயிடு. நான் வண்டிகிட்ட இருக்கேன்."

"உன்னை ஹைவேல தனியா விட்டுட்டு இன்டர்வியூல நான் என்ன பேசறது? அப்புறம் உனக்கு நான் கவர் தைக்கணும்."

அன்று எட்டுக்கு மூன்று நிமிடம் இருக்கையில் அவள் அந்தத் தொழிற்சாலை கேட்டுக்குள் ஓடினாள். வேலையும் கிடைத்தது. இதில் என் பங்கு எதுவும் இல்லை. ஆறு ஐம்பதுக்கு வந்து நின்ற லாரிதான் காரணம்.

முதலில் சத்தம் வந்தது, பிறகு மஞ்சள் விளக்கு, பிறகுதான் முழு லாரி. தார்ப்பாய் போடாத ஜல்லி லாரி. பிரேக் போட்ட அதிர்ச்சியில் நாலைந்து கற்கள் டொக் டொக்கென்று ரோட்டில் விழுந்தன. நான் மிச்சமிருந்த விளக்குக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். மஃப்ளரைத் தலையில் சுற்றிய டிரைவர் இறங்கி வந்தார்.

"ஏனாய்த்தம்மா?" என்று என்ன ஆச்சென்பதைக் கன்னடத்தில் கேட்டவர், நான் மகளிடம் பேசுவதைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். "நமக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம்தான். தள்ளுங்க, பாக்கறேன்."

விரிந்த விளக்கின் வயரைப் பிடுங்கித் தனியாகச் சுற்றினார். சிகரெட் பெட்டியிலிருந்து வெள்ளித் தாளைக் கிழித்து ஃபியூஸில் சுற்றிச் செருகினார். ஹெட்லைட் எரிந்தது. வலது ஃபாக் லைட்டும் எரிந்தது.

"இந்தக் கண்ணாடி எப்படிம்மா விரிஞ்சுது?"

"கல்லு பட்டுடுச்சு" என்றேன். மகள் என் கைப்பையைப் பார்த்தாள்.

டிரைவர் தன் லாரியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். குற்றம் செய்தவர்போல மஃப்ளரை இறுக்கிக் கட்டினார்.

"நம்ம ஆளுங்க எவனாவதுதான் இருக்கும், தப்பா நினைக்காதீங்க. பாப்பா, என் சிவப்பு லைட்டப் பாத்துக்கிட்டே பின்னால வா, ரொம்ப ஒட்டாத. அம்மா, மிச்சம் இருக்கறது ஒரு லைட்டு. அதுக்கு ஒரு கவர் கிவர் தைச்சுப் போட்டுடுங்க."