பந்தியில் திரும்பிய வியர்வை

என்னைத் தனியே வெளியூருக்கு அனுப்புவதில்லை என்று என் மனைவியும் மகளும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். அம்முடிவுக்கு நான் உடன்படவில்லை. கல்லூரியில் இலக்கணம் பயிற்றி ஓய்வு பெற்றவன் நான். நடுவயதிலிருந்தே இன்சுலின் ஊசியால் உயிர் தரிப்பவன். பூதலூரில் தொடர்வண்டி ஏறித் தாராசுரம் சென்று, கோயிற் சிற்பங்களுக்கு முன் மனம்போல் நின்றுவிட்டு அந்தி சாயத் திரும்புவது என் வழக்கம். உடன் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, கல்லை எவரும் பார்க்க இயலாது.

நோய் என்னை வீழ்த்தியது சர்க்கரையின் மிகுதியால் அன்று, குறைவால். உண்ட உணவை விஞ்சி ஊசிமருந்து வேலை செய்யுமாயின் குருதியில் சர்க்கரை சரிந்துவிடும். முன்பெல்லாம் அது சரியத் தொடங்கியதும் உடல் வியர்க்கும், விரல்கள் நடுங்கும். உடனே இனிப்பு உண்டு மீள்வேன். சரிவு அடிக்கடி நேரவே, அந்த எச்சரிக்கை மங்கி, பின்பு அறவே நின்றுபோயிற்று. ஒருநாள் பூதலூர் நடைமேடையில் யாதொரு முன்னறிவிப்பும் இன்றி விழுந்தேன்.

"பெரியவரு காலையிலேயே ஏத்திக்கிட்டாரு போல," என்று எவரோ சொன்னது காதில் விழுந்தது. மதுவை முகர்ந்தும் அறியாத எனக்குக் கிடைத்த பட்டம் அது!

மருத்துவர் அம்மையார் சினக்கவில்லை. மருந்தின் அளவைக் குறைத்தார். "கொஞ்ச வாரத்துக்குச் சர்க்கரை தாழவே கூடாதுங்க ஐயா. சற்றுக் கூடவே இருந்தாலும் பரவாயில்ல. அந்த வியர்வை திரும்பி வர வாய்ப்பிருக்கு," என்றார்.

"வரட்டும், அப்புறம் பாக்கலாம்ப்பா. அதுவரைக்கும் தனியா எங்கயும் கிடையாது," என்றாள் மகள்.

"வந்தால் போவேன். அப்போது எவரும் குறுக்கே நிற்கக் கூடாது," என்றேன். சரியென்று தலையசைத்தாள்.

விரலைக் குத்திக் குத்திப் பார்த்து, அவ்வாரங்களைச் சரிவின்றிக் கடத்தினேன். அதன்பின் மயிலாடுதுறையில், காலஞ்சென்ற என் அண்ணனுடைய பேத்தியின் திருமணம். குடும்பத்தோடு சென்றோம். முதற்பந்தியில் மூத்தவன் என்று என்னைத் தலைவரிசையில் அமர்த்தினார்கள். எங்கள் பக்கத்தில் மூத்தவர் இலையில் கை வைத்த பின்னரே வரிசை உண்ணும். மூத்தவரோ, மாப்பிள்ளை வீட்டார் வந்து அமர்ந்த பின்னரே கை வைப்பார். இலை விரிந்தது, ஓரத்தில் பாயசம் விழுந்தது. சோறு இதோ வந்துவிடும் என்று எண்ணி, வழக்கம்போல் மேல்துண்டின் மறைவில் ஊசியைப் போட்டுக்கொண்டேன்.

சோறு வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் மேடையில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பந்தி முழுவதும் கை கட்டிக் காத்திருந்தது. குடும்பம் குடும்பமாக நின்றார்கள், மாறினார்கள், மீண்டும் நின்றார்கள்.

அப்போதுதான் பிடரியில் ஈரம் உணர்ந்தேன். மின்விசிறி நேர்மேலே சுழன்றுகொண்டிருந்தது. விரல்களை நீட்டிப் பார்த்தேன், நடுங்கின. அச்சத்தினும் முந்தி எனக்கு வந்தது மகிழ்ச்சி.

சர்க்கரைப் பொட்டலமோ மாடியறைப் பையில் இருந்தது. பாயசத்தை வழித்து வாயில் இட்டேன். பரிமாறுபவரை அழைத்து, "நிறையச் சர்க்கரை கரைத்துத் தண்ணீர் கொண்டு வாங்க, சீக்கிரம்," என்றேன்.

மூத்தவன் கை வைத்துவிட்டான் என்று வரிசை முழுவதும் பாயசத்தில் கை வைத்தது!

மணப்பெண்ணின் தந்தை பதறி ஓடிவந்தார். "சித்தப்பா, என்ன இது! சம்பந்தி வர்ற வரைக்கும் பொறுக்கக் கூடாதா? மானம் போகுது."

"உயிர் போவதைவிட அது போகட்டும்ப்பா," என்று சர்க்கரைத் தண்ணீரைக் குடித்தேன்.

சம்பந்தியும் அந்நேரம் வந்து சேர்ந்தார். "எங்கள விட்டுட்டே ஆரம்பிச்சாச்சா?" என்றார். சிரிப்பில் சற்றே முள் இருந்தது.

முன்னாளாயின் ஏதேனும் சாக்குச் சொல்லி மறைத்திருப்பேன். அன்று பந்தி முழுவதும் கேட்கச் சொன்னேன்: "ஐயா, சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டேன். நான் உங்களுக்காக எவ்வளவு நேரமும் காத்திருப்பேன். இன்சுலின் எந்தச் சம்பந்திக்காகவும் காத்திருக்காது."

அவர் முதலில் விழித்தார், பின்பு உரக்கச் சிரித்துவிட்டு, "சோத்த எடுத்தாங்கப்பா! முதல்ல பெரியவருக்கு," என்று தாமே குரல் கொடுத்தார்.

மகள் அதற்குள் மாடியிலிருந்து பையை எடுத்து வந்து என் விரலைக் குத்தினாள். எண் குறைவுதான், ஆயினும் மீண்டுவிடும் குறைவு. சற்றுப் பொறுத்து மீண்டும் குத்தினாள், ஏறியிருந்தது. அதன் பிறகே வாய் திறந்தாள்.

"இதுக்குத்தாம்ப்பா தனியாப் போக வேணாங்கறோம்."

"தனியாகவா இருந்தேன்? இடப்பக்கம் உன் மாமா, வலப்பக்கம் உன் கணவர், எதிர்வரிசையில் நீ. யார் கண்டீர்கள்?"

அவள் சோதனைக் கருவியைப் பையில் வைத்து மூடினாள்.

"நான் கண்டேன். எவரும் காணும் முன்னரே கண்டேன். வியர்வை வந்தது, அம்மா. சொன்ன சொல் நினைவிருக்கிறதா?"

"பிடிவாதம், பிடிவாதம்," என்றாள் அருகில் வந்து நின்ற என் மனைவி. "சின்ன வயசுலயே இப்படித்தான்."

"ஒரு தடவை வந்தா போதுமா? டாக்டர் சொல்லட்டும்," என்றாள் மகள்.

நியாயமான வழக்கு; ஏற்றேன். அம்மையாரிடம் மூவருமாகச் சென்றோம். அவர் என் எண்களை நெடுநேரம் பார்த்தார். புறப்படும் முன்னும் வழியிலும் விரலைக் குத்திப் பார்க்க வேண்டும், சர்க்கரை சட்டைப்பையிலேயே இருக்க வேண்டும், இலையில் சோறு விழுந்த பின்னரே ஊசி என்றார். மூன்றுக்கும் இசைந்தேன். "அப்ப போய்ட்டு வாங்கய்யா," என்றார்.

மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தாராசுரத்துக்கு எந்த வண்டி வசதி என்று கைபேசியில் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஒரு சீட்டுதானேப்பா?" என்றாள்.

"ஒன்றுதான்," என்றேன்.