அடை தெளிந்த கோழி

கோழி ஏன் அடை உட்காருகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. அதன் மூளையில் சுரக்கும் ஒரு பெப்டைடு, அதாவது சின்னப் புரதத் துணுக்கு, அடியிலுள்ள சுரப்பியில் அதற்கென்றே இருக்கும் ஏற்பியில் போய் ஒட்டும். உடனே ஒரு ஹார்மோன் பொங்கும். கோழி முட்டையை விட்டு நகராது. நாங்கள் வரவழைத்த செயற்கைப் பெப்டைடும் அதே ஏற்பியில்தான் உட்காரும், ஆனால் ஒன்றும் செய்யாது. வைக்கோல் போரில் படுத்த நாய். தானும் தின்னாது, மாட்டையும் தின்னவிடாது. ஊசி போட்ட கோழி சில நாளில் எழுந்து தீவனத்துக்குப் போய்விடும். அதில் எனக்கு ஏகப் பெருமை.

பிறகு எனக்குக் குழந்தை பிறந்தது. மறுநாளே போய்விட்டது. கணவர் கப்பலில், எந்தக் கடலிலோ. காலடிப்பேட்டை வீட்டில் நான் மட்டும். ஜன்னலில் எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடந்தது, துடைக்கவில்லை. குழந்தை இல்லை என்பது உடம்புக்குத் தெரியவில்லை. பால் கட்டிக்கொண்டது.

பால் வற்ற மாத்திரை கொடுத்திருந்தார்கள். அது எந்த ஹார்மோனை அடக்கும் என்று எனக்கா தெரியாது? கோழியை உட்காரவைக்கும் அதே ஹார்மோன்தான். நான் விழுங்கவில்லை. எனக்கென்று ஒரு குழந்தை இருந்ததற்கு அந்தப் பால் மட்டுமே மிச்சம். அதையும் இழக்க மனம் வரவில்லை.

மீன் விற்கும் எதிர்வீட்டு அக்கா வந்து மாத்திரை அட்டையைப் பார்த்தார்.

“இன்னா கண்ணு, ஒண்ணுகூட முழுங்கல? நெஞ்சு கல்லாட்டம் கீது, ஜுரம் அடிக்குது. பூவாச்சும் வச்சிக் கட்டிக்கோ.”

“வேணாங்க்கா. வத்திடும்.”

“வத்தத்தான் கண்ணு கட்றது.”

மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துப் பழைய புடவைத் துணியால் இறுகக் கட்டினார். தடுக்க எனக்குத் தெம்பில்லை. பூ வாட வாட வந்து மாற்றினார். பால் வற்றிவிட்டது.

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிய அன்று உதவியாளர் சிரித்த முகமாக வந்தார். “எயுந்துகிச்சு மேடம். ஊசி நல்லா வேலை செய்யுது.”

கோழி மூலையில் தீவனம் கொத்திக்கொண்டிருந்தது. கூடையில் முட்டைகள் கிடந்தன. தொட்டேன், சூடு இன்னும் இருந்தது. கோழியைத் தூக்கி அவற்றின்மேல் வைத்தேன். இறங்கிப் போய்விட்டது. மறுபடி வைத்தேன். மறுபடியும் இறங்கிற்று. அதன்மேல் எனக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது.

“எயுந்துகிச்சுன்னு எயுதிக்கவா மேடம்?”

“எழுதிக்கோங்க” என்றேன். இரண்டு உள்ளங்கைகளையும் முட்டைகள்மேல் கவிழ்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.