கம்பத்தில் துணி இல்லாத காலை

வைகாசி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிகாலை ஐந்தரை மணிக்கு, நிமலினி பரீட்சை எழுதப் புறப்பட்டாள். பையில் அனுமதி அட்டை, இரண்டு பேனை, மடித்துக் கட்டிய இடியப்பம். முகத்தில் பாதி வேலை கிடைத்துவிட்ட களை.

நெடுந்தீவில் பதினொரு வருடமாக முன்பள்ளி ஆசிரியை அவள். சின்னதுகளுக்கு மூக்குத் துடைத்து எழுத்துப் பழக்குவதில் சலிப்பில்லை. ஆனால் நிரந்தரமான ஓர் அரச உத்தியோகம் வேண்டுமென்று வெகுநாள் ஆசை. போட்டிப் பரீட்சைக்கு வயதெல்லை முப்பத்தைந்து. அவளுக்கு முப்பத்துமூன்று. பரீட்சையோ நினைத்த நேரம் வருவதில்லை.

"முதல்நாளே யாழ்ப்பாணம் போய் நில்லும்," என்று கணவன் ஆரூரன் முன்கூட்டியே சொல்லிப் பார்த்திருந்தான். தீவுக்குள் ஓட்டோ ஓடுபவன் அவன்.

"ஏன் வீண் அலைச்சல்? கம்பத்தைப் பாருங்கோ, துணி இல்லை. ஆறரை வள்ளத்திலை ஏறினால் ஒன்பதுக்கு மண்டபத்திலை நிப்பன்."

இறங்குதுறையில் ஒரு கம்பம் உண்டு. கடல் பொங்கினால் வள்ள ஓட்டி வின்சன்ற் அதில் ஒரு சிவப்புத் துணி ஏற்றுவார். துணி ஏறினால் வள்ளம் ஓடாது. அவள் வீட்டு வாசற் படலையில் நின்றாலே கம்பம் தெரியும்.

பரீட்சையன்றும் கம்பம் மொட்டையாக நின்றது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. வள்ளமும் கட்டியபடி கிடந்தது. வின்சன்ற் கைநிறையக் கிறீஸோடு இயந்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

"வின்சன்ற் அண்ணை, துணி ஏத்தேல்லையே?"

"காத்தே இல்லை, பிள்ளை. பிறகேன் ஏத்துறது?"

"அப்ப வெளிக்கிடுவம்."

"மிசின் உடைஞ்சு கிடக்கு. பின்னேரம் ஆகும்."

"அப்ப துணியை ஏத்தியிருக்கலாமெல்லோ!"

வின்சன்ற் தலையை வெளியே எடுத்தார். "துணி கடலுக்கு, மிசினுக்கில்லை. துணி ஏறினால் வள்ளம் ஓடாது எண்டுதான் நான் சொன்னனான். துணி இல்லாட்டி ஓடும் எண்டு ஆருக்குச் சொன்னனான்?"

மீன்பிடி வள்ளங்கள் விடியமுன்னமே கடலுக்குப் போயிருந்தன. ஒன்பதரை மணிக்கு அவள் வீட்டுக் குசினியில் அடுப்போரம் இருந்து, கட்டிக்கொண்டு போன இடியப்பத்தைத் தானே சாப்பிட்டாள். மூன்று நாள் வின்சன்றைத் திட்டினாள். நாலாம் நாள் திட்டச் சொல் முடிந்துபோக, பயிற்சிப் புத்தகத்தை எடுத்து விரித்தாள்.

நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு கேள்வி. மழை பெய்தால் தரை நனையும். மழை பெய்யவில்லை. ஆகவே தரை நனையாது. சரியா, பிழையா, முடிவு கூற முடியாதா? முன்பு அவள் 'சரி' என்று போட்டிருந்தாள். பின்பக்க விடையில் 'முடிவு கூற முடியாது' என்றிருக்க, பக்கத்திலேயே பென்சிலால் 'அச்சுப்பிழை' என்று திருத்தமும் எழுதியிருந்தாள். அப்படிப் புத்தகம் முழுவதும் பதினாலு அச்சுப்பிழைகள்!

மழைக்குப் பதில் துணியைப் போட்டுப் பார்த்தாள். காது சூடாகிவிட்டது. வாளித் தண்ணீர் கவிழ்ந்தாலும் தரை நனையும். மிசின் உடைந்தாலும் வள்ளம் ஓடாது. அழிறப்பரை எடுத்துப் பதினாலு இடத்திலும் அழித்தாள். எந்த முடிவையும் எழுதுமுன், 'இது வேறு காரணத்தாலும் நடக்குமோ?' என்று கேட்கப் பழகினாள்.

குசினிக்குள் நின்றபடி வள்ளத்தின் சத்தம் கேட்டால், "துணி ஏறேல்லை," என்பாள், எட்டிப் பார்க்கமாட்டாள். துணி ஏறியிருந்தால் வள்ளம் ஓடாது, ஓடுகிறதே! விதியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கும் வழிகளில் இந்த ஒன்றுதான் உறுதியானது என்று கண்டுபிடித்திருந்தாள்.

ஆரூரனுக்கு இது நல்ல பொழுதுபோக்கு.

"நான் குடிச்சால் பாடுவன். இப்ப பாடுறன். ஆகவே?"

"முடிவு கூற ஏலாது. கிட்ட வந்து வாயை ஊதுங்கோ, சொல்லுறன்."

அன்றைக்கு அவன் வாயை ஊதவில்லை. அதிலிருந்து என்ன முடிவுக்கு வருவதென்று அவளுக்குத் தெரிந்திருந்தும், அதையும் 'கூற முடியாது' என்றே விட்டுவிட்டாள்.

அடுத்த பரீட்சை வந்தபோது முப்பத்தைந்து முடிய ஏழு வாரம் இருந்தது. இதுதான் கடைசி வாய்ப்பு. கம்பத்தைப் பார்க்காமல் இரண்டு நாள் முன்னதாகவே யாழ்ப்பாணம் போய் நின்றாள். வினாத்தாளில் துணியும் இல்லை, மழையும் இல்லை. மணி அடித்தால் கதவு மூடும் என்று ஏதோ ஒரு தொழிற்சாலை. மணி அடிக்கவில்லையாம். நிமலினி சிரித்ததை மேற்பார்வையாளர் ஒருமாதிரிப் பார்த்தார்.

திரும்பி வரும்போது வின்சன்ற் கேட்டார்: "என்ன பிள்ளை, என்ரை துணியைப் பற்றிக் கேட்டவங்களோ?"

"கேட்டவங்கள் அண்ணை. பேரை மாத்திப்போட்டுக் கேட்டவங்கள்."

பிறகு ஒரு செய்தியும் இல்லை. ஒரு மாரி போய் அடுத்த மாரியும் வந்தது. முன்பள்ளியில் புதுப் பிள்ளைகள், அதே மூக்குகள். பதினாலு மாதத்துக்குப் பிறகு, ஒரு புதன்கிழமை மத்தியானம், தபாற்காரர் நீலமுத்திரைக் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தார். நியமனம்! ஆனால் கடிதம் வழியில் எங்கோ சுணங்கியிருந்தது. மறுநாள் பத்து மணிக்கே யாழ்ப்பாணத்தில் வந்து கையெழுத்திட வேண்டுமாம். அன்றைய வள்ளம் ஏற்கெனவே போய்விட்டது.

ஆரூரன் ஓட்டோவை எடுத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சொல்லப் போனான். நிமலினி படலைக்கு வந்து கம்பத்தைப் பார்த்தாள். துணி இல்லை. அவளுக்கு ஒரு துளி ஆறுதலும் வரவில்லை. சேலையை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றபோது தொலைபேசி முனகியது. வின்சன்றிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி:

"பிள்ளை, கம்பத்தைப் பாக்காதையும். மிசின் பாத்தாச்சு, டீசலும் அடிச்சாச்சு, காத்தும் இல்லை. நாளைக்கு நான் துறைக்கு வந்தால் ஆறரைக்கு வள்ளம் ஓடும். நான் வருவன். முடிவை நீரே எடும்."