கட்டிலை அறுத்துச் செய்த பெட்டி

சென்ற வாரம் தோசைக்கல்லில் மாவை ஊற்றிய நேரத்தில் போன் வந்தது. மேலப்பாளையத்திலிருந்து காதர் அண்ணாச்சியின் மகள். “நர்ஸம்மா, வாப்பா மௌத்தாயிட்டாங்க. சுபுஹு தொழுகைக்கு எழுப்பப் போனோம், எழும்பலை” என்றாள். தோசை கருகும் வரை அப்படியே நின்றேன்.

பாபநாசத்துக்குக் கீழே அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எங்களோடு வேலை பார்த்தவர்கள் இதைப் படிக்கக்கூடும். உங்களுக்கு அவர் ஜீப் டிரைவர் காதர் அண்ணாச்சி, ஹாரன் அடிக்காமலே மாட்டு மந்தையை ஒதுக்கத் தெரிந்தவர். எனக்கோ, நான் ஒரு மாதம் முழுக்க மல்லுக்கட்டிய மனிதர். அந்தச் சண்டையில் தோற்றது நான்தான். அதை அவர் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. மாதம் ஒருமுறை மலைமேல் இருந்த காணிப் பழங்குடியினரின் குடியிருப்பு ஒன்றுக்குத் தடுப்பூசி கொண்டுபோவோம். ரோடு என்பது பேச்சுக்குத்தான். பாதி பாறை, பாதி பள்ளம். ஜீப்பின் தகரத் தரை எஞ்சின் சூட்டில் கொதிக்கும். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே மருந்து வைத்த குளிர் டப்பா, ஊசி அவிக்கிற குக்கர், மண்ணெண்ணெய் ஸ்டவ் எல்லாம் அந்தத் தரையில் உருண்டுகொண்டே வரும். ஒரு மாதம் குக்கர் சரிந்து டப்பாவின் மூடி திறந்துவிட்டது. போய்ச் சேர்ந்தபோது ஐஸ் தண்ணீராகியிருந்தது. மருந்துக் குப்பிகளில் பாதி உடைந்திருந்தன, மீதி சூட்டில் கெட்டிருந்தன. பக்கத்துக் குடியிருப்பில் தட்டம்மை வந்திருந்த நேரம். இடுப்பில் பெண்குழந்தையோடு வந்திருந்த ஓர் அம்மா என்னிடம் சொன்னாள்: “ரெண்டு மணி நேரம் பிள்ளையைச் சுமந்துட்டு வந்தேன். அடுத்த மாசமும் இப்படித்தான்னா நாங்க யாரும் வரமாட்டோம்.” அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

மறுநாளே அண்ணாச்சியிடம் போனேன். ஒரு மரப்பெட்டி செய்து, ஜீப்பின் தரையில் நாலு ஓட்டை போட்டு, போல்ட் வைத்து முடுக்கிவிடுங்கள் என்றேன்.

“பெட்டி செய்யுதேன் சிஸ்டர். ஆனா ஓட்டை போடமாட்டேன். இது சர்க்கார் வண்டி.”

“பிள்ளைங்க பெரிசா, தகரம் பெரிசா அண்ணாச்சி?”

“வண்டி எனக்கு அமானிதம். பிள்ளைங்களும் அமானிதந்தான். ரெண்டையும் கெடுக்காம ஒரு வழி இருக்கும், பைய யோசிப்போம்” என்றார். நம்பி ஒப்படைத்த எதையும் அவர் அமானிதம் என்றுதான் சொல்வார்.

எனக்குப் பொறுமை கிடையாது. நேரே டாக்டரிடம் போய், “அந்த ஆளுக்குப் பிள்ளைகளைவிட ஜீப்தான் பெரிது” என்று சொல்லிவிட்டேன். அது அண்ணாச்சியின் காதுக்கும் போனது. அடுத்த நாள் காலையில் வழக்கம்போல், “வாங்க சிஸ்டர், சாப்பிட்டாச்சா?” என்றுதான் கேட்டார்.

மருந்து வந்த பலகைப் பெட்டிகள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மழையில் கிடந்து மக்கிக்கொண்டிருந்தன. அவற்றையும் தொடமாட்டார். அவையும் சர்க்கார் பொருளாம்! ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி ஆமினா டீயை என் கையில் கொடுத்துவிட்டு முறையிட்டார்: “இந்த அநியாயத்தைப் பாருங்க நர்ஸம்மா. எங்க வீட்டுல சீதனமாக் கொடுத்த கட்டிலை அறுத்துட்டாங்க. இனி நாங்க பாயிலதான் படுக்கணும்.” பின்னாலேயே, “போவுது, பிள்ளைங்க நல்லா இருந்தாச் சரி” என்றும் சொன்னார். அண்ணாச்சி தலை நிமிராமல் இழைப்புளி தள்ளிக்கொண்டிருந்தார்.

ஜீப்பின் இரண்டு பக்க இருக்கைகளுக்கும் நடுவில் உட்காரும்படி அந்தப் பெட்டியைச் செய்தார். இருபுறமும் நீட்டிய கட்டைகள் இருக்கைகளுக்கு அடியில் நுழைந்துகொள்ளும். நாலு மூலையிலும் ஆப்பு வைத்துத் தட்டினால் இறுகிவிடும். தரைச் சூடு ஏறாமலிருக்க ஒரு சாண் உயரத்துக்குக் கால்கள். ஸ்டவ்வுக்கும் குக்கருக்கும் தனித்தனி அறை, குளிர் டப்பாவுக்குச் சுற்றிலும் தேங்காய் நார் திணித்த அறை. நாலு பேர் சேர்ந்து ஜீப்பைக் குலுக்கிப் பார்த்தோம், இம்மியும் அசையவில்லை. அண்ணாச்சியின் முகத்தில் பெருமை தாங்கவில்லை. “சரி, டப்பாவை எடுங்க” என்றேன். எடுக்க முடியவில்லை. விரல் நுழைய இடமில்லாமல் அத்தனை கச்சிதமாகச் செய்துவிட்டார். “மருந்தைப் பத்திரமா அடக்கம் பண்ணிட்டிய அண்ணாச்சி” என்று சொல்லி, வயிறு வலிக்கச் சிரித்தேன். அவரும் சிரித்தார். மறுநாள் கட்டில் நாடாவில் இரண்டு துண்டு கொண்டுவந்து டப்பாவுக்கு அடியில் கொடுத்து, நுனிகளை வெளியே விட்டார். நுனியைப் பிடித்து இழுத்ததும் டப்பா மேலே வந்தது.

அந்த மாதப் பயணத்தன்று ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. குடியிருப்புக்குச் சற்று முன்னால் இருந்த ஓடையில் ஜீப் இறங்க முடியாத அளவுக்குத் தண்ணீர். இன்றும் திரும்பினால் அந்த அம்மா இனி வரவேமாட்டாள். டப்பா, குக்கர், ஸ்டவ் என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு அந்த வெள்ளத்தைக் கடக்கவும் முடியாது.

அண்ணாச்சி ஒரு கல்லை எடுத்து நாலு ஆப்பையும் தட்டிக் கழற்றினார். பெட்டி முழுசாகக் கையோடு வந்தது. நான் கேட்டபடி போல்ட் போட்டிருந்தால் அது ஜீப்பிலேயே கிடந்திருக்கும். அக்கரையில் நின்ற காணிக்காரர்கள் இரண்டு பேர் மூங்கில் கம்போடு வந்து, பெட்டியைக் கம்பில் கட்டித் தூக்கினார்கள். பெட்டி ஆடியது. பின்னாலிருந்து அடியில் தாங்க இன்னொரு ஆள் வேண்டும். நான் நோஞ்சான், என்னால் ஆகாது.

காட்டுக்குள் வண்டியைத் தனியே விட்டுப் போகக்கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. ஒருநாளும் அவர் அதை மீறியதில்லை. அண்ணாச்சி ஒருதரம் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டு ஊக்குக் குத்தினார். பிறகு தண்ணீரில் இறங்கிப் பெட்டிக்கு அடியில் தோளைக் கொடுத்துவிட்டார். “பைய, பைய. ஆடக்கூடாது” என்று அக்கரை சேரும்வரை சொல்லிக்கொண்டே போனார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

பெட்டியைத் திறந்தோம். ஐஸ் கல்லாக இருந்தது. குப்பி ஒன்றுகூட உடையவில்லை. முதல் ஆளாகப் பிள்ளையை நீட்டியவள் அந்த அம்மாதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணாச்சி ஈரச் சட்டையோடு உட்கார்ந்து ஸ்டவ்வுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது ஜீப் விட்ட இடத்தில் பத்திரமாக நின்றது. அதைக் கண்ட பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. “சிஸ்டர், ஒரு உதவி. நான் வண்டியை விட்டுட்டு வந்ததை மட்டும் எழுதிராதீங்க” என்றார். அன்று மாலை பதிவேட்டில் எழுதினேன்: ‘வாகனம் ஓடைக்கரையில் நிறுத்தப்பட்டது. ஓட்டுநர் வாகனத்துடன் இருந்தார்.’ படித்துப் பார்த்துத் தலையசைத்தார். டாக்டரிடம் நான் சொன்னதற்கு அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை.

அந்த ஜீப் பல வருஷம் கழித்து ஏலத்துக்குப் போனது. தரை துருப்பிடித்திருந்ததே தவிர, அதில் எங்கள் போல்ட் ஓட்டை ஒன்றும் கிடையாது. பெட்டி அவர் வீட்டுக்கே திரும்பியது. துக்கம் கேட்கப் போனபோது பார்த்தேன், அதில் பேரப்பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்கள் இருந்தன. ஆமினா ஓர் ஆப்பை எடுத்து, “நீங்க வச்சுக்கிடுங்க” என்று என் கையில் வைத்தார்.

அந்த ஆப்பு இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. ரெண்டையும் கெடுக்காமல் ஒரு வழி இருக்கும் என்ற அவருடைய பேச்சும் என்னிடம் இருக்கிறது. இனி அவரிடம் யாரும் விளக்கம் கேட்க முடியாது. அதனால், நான் எழுதிய அந்தப் பொய்யை இங்கே திருத்துகிறேன்:

அன்று ஓட்டுநர் காதர் வாகனத்துடன் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில், தோளில் பெட்டியைத் தாங்கி ஓடையைக் கடந்தார். வந்திருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி போட்டோம்.