மிஞ்சிய கட்டைவிரல்

காலை ஏழே முக்காலுக்குச் செம்மங்குப்பம் நிறுத்தத்தில் பஸ் ஏறுவாள் இலக்கியா. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் கிராஃபிக் டிசைன் படிப்பு, மூன்றாவது வருடம், கடைசி வருடம். மதியம் வகுப்பு முடிந்து அதே சாலையில் திரும்பும்போது பஸ் அவள் ஊரில் நின்று புறப்படும். அவள் இறங்க மாட்டாள். கடலூர் வரை போய், மஞ்சக்குப்பத்தில் பழனிவேலின் ஃப்ளெக்ஸ் கடையில் எட்டு மணி வரை வேலை பார்த்துவிட்டுத்தான் வீடு. தன் தெருவைத் தினமும் ஒரு தடவை சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கடந்து போவது முதல் வருடம் கஷ்டமாக இருந்தது. மூன்றாம் வருடத்தில் அந்த இடம் வரும்போது தூங்கப் பழகிவிட்டாள்.

சிதம்பரத்தில் காலையில் கற்றதை மஞ்சக்குப்பத்தில் மாலையில் மறக்க வேண்டியிருந்தது. பாடம் நடத்தும் பிரியம்வதா மேடம் வெற்றிடத்தைப் பற்றிப் பேசுவார். எதை வைக்காமல் விடுகிறோம் என்பதில்தான் கண்ணுக்கு ஓய்வு கிடைக்கிறது என்பார். கடையில் பழனிவேல் திரையில் விரலை வைத்து, "இங்க காலியா கெடக்கு பாரு, ஒரு ரோசாப்பூவப் போடு" என்பார். இருவரும் அவரவர் அளவில் நியாயமானவர்கள்தான். நடுவில் நாற்பது கிலோமீட்டர் அலைபவளுக்குத்தான் அலுப்பு.

கடைசிப் பருவத்துக்கு ஒரு விதி இருந்தது. மாணவர் செய்த வடிவமைப்பு நிஜமான ஒருவருக்காக, நிஜமான ஓர் இடத்தில் நிற்க வேண்டும். அது நிற்கும் இடத்தில் எடுத்த, எதுவும் திருத்தாத புகைப்படம் வேண்டும். செய்யச் சொன்னவரின் கையெழுத்து வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் தேர்ச்சி இல்லை. அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார வேண்டும். இன்னொரு வருடம் அந்த பஸ்ஸை நினைத்தாலே அவளுக்குக் கால் கனத்தது.

அவளுக்குக் கிடைத்தவர் தேவநாதன். கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். வெள்ளிக்கிழமை அவர் மகளுக்குக் காதணி விழா. பேனருக்குச் சொல்ல வந்த இடத்தில், இதையே என் படிப்புக்கும் காட்டிக்கொள்ளட்டுமா என்று இலக்கியா கேட்க, தாராளமா செய்ம்மா என்று சொல்லிவிட்டுப் போனார்.

நோட்டில் நாற்பது பக்கம் வரைந்தாள். முதலில் குழந்தையின் காது. பிறகு காதுமடல் மட்டும். பிறகு ஒரு வளைந்த கோடு. ஒவ்வொரு பக்கத்திலும் ஏதோ ஒன்றைக் கழற்றிக்கொண்டே வந்து, நாற்பதாவது பக்கத்தில் ஒரு புள்ளி மிஞ்சியது. பத்தடிக்கு எட்டடி வெள்ளையில் தோடு அளவுக்கு ஒரு பொன்புள்ளி, கீழே குழந்தையின் பெயர், நாள், மண்டபம். அவ்வளவுதான். மூன்று வருடத்தில் தன் வேலை ஒன்றைப் பார்த்து அவளுக்குச் சலிப்பு வராதது அதுதான் முதல் தடவை.

தேவநாதன் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாருக்கும்மா. மீதிய எப்பப் போடுவ?"

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த நியாயம் அவளுக்கும் தெரியும். அழைப்பதற்குப் பத்திரிகை இருக்கிறது. பேனர் அதற்கில்லை. இந்தப் பிள்ளைக்குப் பின்னால் இத்தனை பேர் நிற்கிறோம் என்று தெருவுக்குச் சொல்வது அது. அதில் இடம் காலியாக இருந்தால் யாரோ வரவில்லை என்று அர்த்தம்.

ஆகவே முகங்கள் வந்தன. வாட்ஸ்அப்பில் முப்பத்தாறு. பைக் மேல் சாய்ந்தது ஒன்று, கூலிங்கிளாஸ் போட்டது ஏழு, ஆதார் கார்டிலிருந்து வெட்டியது ஒன்று. மடியில் உட்கார வைத்துக் காது குத்தப்போகிற தாய்மாமன் முகம் எல்லோரையும்விடப் பெரிதாக வேண்டும். பங்காளிகளில் யாரும் யாரையும்விடச் சிறிதாகிவிடக் கூடாது. எல்லாவற்றையும் அடுக்கி முடித்தபோது குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில், திரையில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை மிச்சமிருந்தது. அதை மட்டும் பழனிவேலின் ரோசாப்பூவிலிருந்து காப்பாற்றினாள்.

இறந்தவர்களுக்கு இடம் உச்சியில். வட்டத்துக்குள் முகம், பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு. தேவநாதனின் அம்மா விருத்தாம்பாள் போய் இரண்டு வருடம் ஆகிறது. கேமராவைக் கண்டாலே தலை குனிந்துகொள்கிற மனுஷி போல. நேராகப் பார்த்த படம் ஒன்றே ஒன்று, அறுபதாம் கல்யாணத்தில் எடுத்தது. கழுத்தில் மாலை, இப்போதோ அப்போதோ சிரித்துவிடப் போகிற வாய். பக்கத்தில் அவர் கணவர் வைத்திலிங்கம், அவரும் மாலையோடு, மனைவியின் தோளில் கை வைத்தபடி.

வைத்திலிங்கத்தை வெட்டி எடுத்திருக்க வேண்டும். முப்பத்தாறு தலைகளை வெட்டி முடித்த கை அங்கே வந்து நின்றது. அந்த பேனரில் அவளுக்குப் பிடித்திருந்தது அந்தப் படம் ஒன்றுதான். ஜோடியாகவே இருக்கட்டும் என்று வட்டத்துக்குள் வைத்தாள். தேவநாதன் செல்போனில் பார்த்து, மச்சான் முகம் போதுமான அளவுக்குப் பெரிதாக இருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்துவிட்டு ஓகே அனுப்பினார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பேனர் தெருமுனையில் ஏறியது.

புதன் காலை, வைத்திலிங்கத்தோடு ஒரே ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற லூர்துசாமி பேனரைப் பார்த்தார். நேரே பூக்கடைக்குப் போய், ஒரு ரோஜா மாலையோடு வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்தவர் வைத்திலிங்கம். மாலையை அப்படி வைத்துவிட்டு வா, காபி குடிக்கலாம் என்றாராம்.

மதியம் இலக்கியா கடைக்குள் நுழையும்போது தேவநாதன் காத்திருந்தார். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் அப்பா.

"உசுரோட இருக்கிறவரக் கொண்டுபோயி மேல ஒக்கார வச்சிட்டியேம்மா. காலையிலேர்ந்து போன் மேல போன். இன்னா படிப்பு படிக்கிற நீ?"

தப்பு தன்னுடையதுதான் என்றாள். நாளைக்குப் பதினொரு மணிக்குத் தேர்வு என்பதையும் கையெழுத்தையும் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"கையெழுத்தா? மொதல்ல எங்கப்பாவக் கீழ எறக்கு."

முழு பேனரையும் மறுபடி அடிக்க மெஷினில் அன்றைக்கு நேரமில்லை. அந்த வட்டத்தை மட்டும் ஸ்டிக்கராக அடித்து மேலே ஒட்டிவிடலாம் என்றார் பழனிவேல். கடைத்தொழிலில் அது வழக்கம்தான். வந்த முப்பத்தாறில் வைத்திலிங்கத்தின் படம் இல்லை; அவர் முகத்துக்குத் தனியாக இன்னொரு ஒட்டு. கீழே அதற்கு இடம்? உள்ளங்கை அகல வெள்ளை இருந்ததே, அது போயிற்று.

தேவநாதன் ஏணி பிடிக்க ஆள் கூட்டிவரப் போனார். வைத்திலிங்கம் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். முகத்தை வெட்டுவது எளிது. தோளில் கிடந்த கைதான் சிக்கல். மறுதோளிலிருந்து பட்டுச்சேலைத் துணியை எடுத்து எடுத்து விரல்களின் மேல் பூச வேண்டும். திரை நிறையத் தோளைப் பெரிதாக்கினாள். சுண்டுவிரல் போயிற்று. மோதிரவிரல் போயிற்று.

"அது என் கையி" என்றார் வைத்திலிங்கம்.

"ஆமாங்கய்யா. எடுத்தாத்தான் அவுங்க தனியா வருவாங்க."

அவர் திரையை நோக்கிக் குனிந்தார்.

"அன்னிக்குப் போட்டோக்காரன் வையின்னான், வச்சேன். அதுக்கு முன்ன நாலு பேர் எதிர்ல வச்சதில்ல. அப்புறமும் வைக்கல."

இலக்கியா அழிப்பதை நிறுத்தினாள். மௌஸைப் பிடித்தபடி இருந்தாள்.

"எடும்மா. நேரமாவுது" என்றார் அவர்.

ஐந்தரை மணிக்கு, வெயில் இருக்கும்போதே ஒட்டு ஏறியது. ஒரு ஓரத்தில் சுருக்கம் விழுந்தது. படம் எடுத்தாள். தேவநாதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் அந்தப் படத்தைச் செல்போனில் பெரிதாக்கியபோதுதான் பார்த்தாள். விருத்தாம்பாளின் மாலைப் பூக்களுக்கு நடுவே ஒரு கட்டைவிரல் மிஞ்சியிருந்தது. நான்கு விரலை எண்ணி அழித்தவள், தோளுக்கு முன்பக்கம் கிடந்த ஐந்தாவதை விட்டிருந்தாள். மாலையின் சிவப்பில் அது தெருவில் யாருக்கும் தெரியாது. மேடம் பார்த்துவிடுவார்.

அழிக்க இரண்டு நிமிடம் போதும். சுருக்கத்தையும் நீவிவிடலாம். புகைப்படத்தைத் திருத்தக் கூடாது என்பது விதி. ஆனால் திருத்தியது தெரியாமல் திருத்துவதுதான் மூன்று வருடமாக அவள் செய்துவந்த வேலை. விரலை அந்த விரல் மேல் வைத்தாள். நேற்று நான்கை அழித்தபோது அதன் சொந்தக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஐந்தாவதை அவர் இல்லாதபோது அழிக்க அவளுக்குத் தெம்பில்லை. நேர்மை என்று அதற்குப் பெரிய பெயர் வைக்க வேண்டியதில்லை. செல்போனை அணைத்துவிட்டுத் தூங்கினாள்.

பிரியம்வதா மேடம் நாற்பது பக்கத்தையும் பொறுமையாகப் புரட்டினார். புள்ளி இருந்த பக்கத்தில் நின்று, இது எங்கே போயிற்று என்று கேட்டார். இலக்கியா முழுவதையும் சொன்னாள், ரோஜா மாலை வந்தது உட்பட. மேடத்துக்குச் சிரிப்பு வந்து அடங்கியது. பிறகு படத்தைத் திரையில் பெரிதாக்கினார்.

"இந்த விரல்?"

"அவரோடது மேடம். அழிக்கும்போது விட்டுப்போச்சு."

"போட்டோவுலயாவது எடுத்திருக்கலாமே. எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"எடுத்திருக்கலாம் மேடம்."

மேடம் அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். நூற்றுக்கு ஐம்பத்திரண்டு போட்டார். குறிப்பில், முடிக்கும் வேலையில் கவனம் போதாது என்று எழுதினார். ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. எழுதியதில் மறுக்க ஒன்றுமில்லை. சந்தோஷம் என்று ஒன்று வரும் என்று படிக்கட்டு வரை எதிர்பார்த்தாள். பசிதான் வந்தது.

திரும்பும்போது பஸ் செம்மங்குப்பத்தில் நின்றது. ஏனோ அன்று தூக்கம் வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். இன்றைக்கு வரவில்லை என்று பழனிவேலுக்குப் போன் செய்தாள். பாஸா என்று கேட்டார் அவர். ஆமாம் என்றாள். நாளைக்குச் சீக்கிரம் வா, மூணு காதணி இருக்கு என்றார்.

தெருவில் யாருமில்லை. வீடு பூட்டிக் கிடந்தது. அப்பா ஷிப்டுக்கும் அம்மா வேலைக்கும் போயிருக்கிற நேரம். மூன்று வருடமாக அந்த நேரத்தில் வந்ததில்லை என்பதால் அவளிடம் சாவி இல்லை. வாசற்படியில் உட்கார்ந்து, நாற்பது பக்க நோட்டை மடியில் வைத்து, அதன் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.